மாதம் பிறந்தால் அதே எக்ஸல் வேலையா? முதலில் எந்தக் கணினி மொழியைக் கற்கலாம்?

நெய்வேலியில் சுரங்கத்தையும் அனல் மின் நிலையங்களையும் சுற்றி ஒப்பந்ததாரர் அலுவலகங்கள் ஏராளம். இது போன்ற அலுவலகங்களில் மாதம் பிறந்தால் வேலை ஒன்றுதான்: வருகைப்பதிவைச் சரிபார்ப்பது, சம்பளப் பட்டியல் போடுவது, 15-ம் தேதிக்குள் பி.எஃப். இணையதளத்தில் கோப்பை ஏற்றிப் பணம் கட்டுவது. ஒவ்வொரு தொழிலாளருக்கும் ஒரு வரி. 12 இலக்க யு.ஏ.என். எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும், உழைத்தவரின் பணம் கணக்கில் சேர்வதில் சிக்கல் வரும்.

‘கோடிங் தெரிந்தால் இதையெல்லாம் கணினியே செய்துவிடுமாமே?’ என்று கேட்பவர்கள், அடுத்து எந்த மொழியைக் கற்பது என்பதில் குழம்பி நின்றுவிடுகிறார்கள். விடை எளிது. மொழியின் புகழைப் பார்க்க வேண்டாம். உங்கள் வேலை எங்கே நடக்கிறது என்று பாருங்கள்.

எக்ஸலுக்குள்ளேயே முடியும் வேலையா?

வி.பி.ஏ. போதும். 1993 முதல் எக்ஸலோடு வரும் மொழி இது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ‘ரெக்கார்ட் மேக்ரோ’வை அழுத்திவிட்டு வேலையை ஒருமுறை செய்து காட்டினால், எக்ஸலே நிரலை எழுதித் தரும். அதைத் திறந்து படிப்பதுதான் முதல் பாடம். ஒரு எச்சரிக்கை: மேக்ரோ வழியாக வைரஸும் வரும். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்டே தடுக்கிறது. தெரியாதவர் அனுப்பிய கோப்பில் அந்தத் தடையை நீக்காதீர்கள்.

கூகுள் ஷீட்டில் நடக்கும் வேலையா?

ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பொருந்தும். ஜாவாஸ்கிரிப்டை அடிப்படையாகக் கொண்ட இதைப் பிரவுசரிலேயே எழுதலாம்; நிரல் இயங்குவது கூகுளின் சர்வரில். கூகுள் ஃபார்மில் விடுப்பு விண்ணப்பம் வந்ததும் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவது, தினமும் காலையில் பட்டியலைத் தொகுப்பது போன்றவற்றுக்கு ஏற்றது. இரவில் உங்கள் கணினி அணைந்திருந்தாலும் குறித்த நேரத்தில் வேலை நடக்கும்.

பல கோப்புகளும் இணையதளமும் கலந்த வேலையா?

அங்கே பைத்தான்தான். கைடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்ட இந்த மொழியின் வரிகள் எளிய ஆங்கிலம் போலவே இருக்கும். 30 எக்ஸல் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்க ‘பாண்டாஸ்’, பிரவுசரை இயக்க ‘செலினியம்’ என இலவசக் கருவிகள் உண்டு. ஆனால், ஓ.டி.பி. கேட்கும் அரசுத் தளங்களில் அவசரம் வேண்டாம். கோப்பைப் பைத்தான் தயாரிக்கட்டும். ஏற்றுவதை நீங்களே சரிபார்த்துச் செய்யுங்கள். கணினி இல்லாதவர்கள் ‘கூகுள் கோலாப்’ தளத்தை மொபைல் பிரவுசரில் திறந்தே பயிற்சியைத் தொடங்கலாம்.

தமிழுக்கும் வழி உண்டு

பழைய கோப்புகளில் பெயர்கள் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருந்தால், வேறு கணினியில் அவை புரியாத எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. பழைய எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்ற, பைத்தானில் ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவசத் தொகுப்பு உதவும். அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய முத்து அண்ணாமலை, தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ மொழியையும் உருவாக்கியவர். அதில் ‘பதிப்பி’ என்று எழுதினால் திரையில் விடை வரும். அலுவலக வேலைக்கு அல்ல. வீட்டுப் பிள்ளைகளுக்கு நிரல் என்றால் என்னவென்று புரியவைக்க நல்ல தொடக்கம்.

இவற்றை மறக்காதீர்கள்

எந்த மொழியானாலும், யு.ஏ.என்., வங்கிக் கணக்கு எண்களை ‘எழுத்து’ வடிவில் படிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் காணாமல் போகும். அசல் கோப்பைத் தொடாமல் நகலில் சோதியுங்கள். கையால் செய்தால் ஒரு வரியில் நேரும் பிழை, நிரலில் நேர்ந்தால் 500 வரிகளிலும் நேரும். சம்பளம், ஆதார் விவரங்களை அலுவலக அனுமதியின்றி எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள்.

முதல் மாதம் பழைய முறையிலும் புதிய நிரலிலும் சேர்த்தே செய்து, இரண்டு மொத்தத் தொகைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய்கூட மாறாமல் இருந்தால், அடுத்த மாதம் நிரலை நம்பலாம்.