உங்களுக்குத் தெரியுமா? நாயின் மாத்திரையும் தயிர்சாதமும்

சிட்லபாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்களின் வெக்கையிலும் ஈரத்திலும் நாய் உண்ணிகள் ஆண்டு முழுவதும் பெருகுகின்றன. அவை பரப்பும் எர்லிச்சியா கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சலுக்கு வழக்கமான மருந்து டாக்ஸிசைக்ளின். பெரும்பாலும் 28 நாட்கள் விடாமல் கொடுக்க வேண்டும். கொடுக்கும் விதம் முக்கியமாவது இங்கேதான். வாயைப் பிளந்து தொண்டைக்குள் போட்டால் ஒரே நிமிடத்தில் வேலை முடியுமே என்பார்கள். முதல் நாள் முடியும். பயந்த நாய் மறுநாள் கட்டிலுக்கடியில் பதுங்கும், பிறகு கடிக்கவும் செய்யலாம். நான்கு வாரச் சிகிச்சை அதன் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது. திரவ மருந்தென்றால் இன்னும் கவனம் வேண்டும்: திமிறும் நாயின் தலையை அண்ணாத்தி ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியலாம். கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாகவே விட வேண்டும்.

அப்படியானால் தயிர்சாதத்தில் மறைத்துவிடலாமா? நம் வீடுகளில் கை முதலில் போவது அங்கேதான். ஆனால் பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு, உடலில் சேரும் அளவைக் குறைத்துவிடும். வெறும் இட்லித் துண்டோ வேகவைத்த கோழியோ போதும். சட்னி, சாம்பார் கூடாது, வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மோப்பம் பிடித்துத் துப்பிவிடுமே என்றால், முதலில் வெறும் துண்டு, அடுத்து மாத்திரை வைத்தது, அதை விழுங்கும் முன்பே மூன்றாவதைக் கண்ணில் காட்டுங்கள். பெரும்பாலான நாய்கள் மெல்லாமலே விழுங்கிவிடும். பின்னால் கொஞ்சம் தண்ணீர் அவசியம், இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கலாம். காய்ச்சல்தானே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ நீங்களாகக் கொடுக்கவே கூடாது; முன்னது நாயின் கல்லீரலையும், பின்னது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.