ஒளி செதுக்கும் கண், ஒளி இயக்கும் சிப்

1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி நவிலல் திருநாளுக்கு மறுநாள். நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்துக்கு, விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டோடு வந்தார் ரங்கசாமி சீனிவாசன். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த வேதியியலாளர். எக்ஸைமர் லேசரின் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை அந்தத் துண்டின் மேல் பாய்ச்சினார். வெட்டு சீராக விழுந்தது. பக்கத்துத் திசு கருகவில்லை. பச்சை நிற லேசரால் வெட்டியபோதோ ஓரமெல்லாம் தீய்ந்துபோனது.

இந்தப் புற ஊதாக் கதிரைத் திசுவின் மிக மெல்லிய மேலடுக்கே முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. மூலக்கூறுகளின் பிணைப்பு அறுந்து அந்த அடுக்கு மட்டும் பறந்துவிடுகிறது. சூடு உள்ளே இறங்குவதில்லை. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல், சீனிவாசனோடு சேர்ந்து இதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். இன்று லேசிக் சிகிச்சையில் கருவிழியைச் செதுக்குவது இதே கதிர்தான்.

ஆனால், 'லேசர் வைத்தால் பார்வை வந்துவிடும்' என்று நம்பி மருத்துவமனை வாசலேறும் எல்லோருக்கும் இது பொருந்தாது. லேசிக் திருத்துவது கருவிழியின் வளைவை மட்டுமே. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் செத்துவிட்டால், கருவிழியை எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கியும் பயனில்லை.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டேனியல் பாலங்கர் உழைத்தார். கண் லேசர்களில் ஊறிய இயற்பியலாளர் அவர். கண்ணுக்குள் ஒளி தடையின்றிப் போகும்போது, உள்ளே வைக்கும் கருவிக்கு மின்சாரம் கொண்டுபோகக் கம்பி எதற்கு என்று யோசித்தார். அவர் உருவாக்கிய, கண்ணுக்குள் பொருத்தும் 'பிரிமா' சிப், 2 மில்லிமீட்டர் சதுரம். அதன் 378 பிக்சல்களும் குட்டிச் சூரியத் தகடுகளைப் போன்றவை. நோயாளி அணியும் கண்ணாடியில் உள்ள கேமரா காட்சியைப் பிடிக்க, கண்ணாடி அதை அகச்சிவப்பு ஒளியாக உள்ளே அனுப்புகிறது. சிப் அந்த ஒளியை மின்சாரமாக்கி, இன்னும் உயிரோடிருக்கும் நரம்புச் செல்களைத் தூண்டுகிறது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஓரங்களில் மிஞ்சியிருக்கும் இயல்பான பார்வைக்கு இடைஞ்சல் இல்லை.

முதுமையில் மையப் பார்வையை இழந்த 38 பேருக்கு ஐரோப்பாவில் இதைப் பொருத்தினார்கள். ஓராண்டுச் சோதனையை முடித்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று 2025 அக்டோபரில் முடிவுகள் வெளியாயின. தெரிவது கறுப்பு வெள்ளைதான். மாதக்கணக்கில் பயிற்சியும் வேண்டும். ஆனாலும் மையத்தில் ஒன்றும் தெரியாதிருந்தவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். எனக்கு இது மகத்தான சாதனையாகவே படுகிறது.

கூடவே ஒரு கவலையும் உண்டு. இதற்கு முன் வந்த 'ஆர்கஸ் 2' என்ற செயற்கை விழித்திரைக்கு 2013இல் அமெரிக்க அரசு ஒப்புதல் கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே தயாரித்த நிறுவனம் உற்பத்தியையே நிறுத்தியது; பிறகு நொடிக்கும் நிலைக்கும் வந்தது. பழுது பார்க்க ஆளில்லை, உதிரி பாகம் இல்லை. கருவி மட்டும் நோயாளிகளின் கண்ணுக்குள் தங்கிவிட்டது. பிரிமாவும் ஏற்கெனவே ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியிருக்கிறது. இத்தகைய கருவிக்கு ஒப்புதல் வழங்கும் அரசுகள், நிறுவனம் மூடினாலும் பராமரிப்பு தொடர்வதற்கான நிதியை முன்கூட்டியே கட்டச் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பற்றி, நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.