பயோகெமிஸ்ட்ரி பயம்

வியாழக்கிழமை என்றால் நமது விவேக் நகரில் ஆட்டோ கிடைப்பதே அரிது. குழந்தை இயேசு ஆலயத்துக்கு நகரின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிவார்கள். பரீட்சை மாதங்களில் அந்தக் கூட்டத்தில் மாணவர்களையும் நிறையக் காணலாம். சில மாதங்களுக்கு முன் அப்படி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள், எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும். மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டு. முதல் இன்டர்னலில் பயோகெமிஸ்ட்ரியில் மட்டும் பெயில்.

"பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரிதான் இவளுக்கு நல்லா வரும் சார். இப்ப புத்தகத்தைத் தொட்டாலே அழறா. படிப்பே வேண்டாங்கறா" என்றார் அம்மா. நான் பல வருடம் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால்தான் இந்த முறையீடு.

அவள் பயத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதலாண்டில் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றையும் ஒருசேரத் தாண்ட வேண்டும். முதலாண்டுத் தேர்வை நான்கு முறைக்கு மேல் எழுத விதி இடம் தருவதில்லை. அனாடமிக்கே பொழுது போய்விடுவதால் பயோகெமிஸ்ட்ரியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது மாணவர் வழக்கம். வினை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பெண்ணின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். மஞ்சள், பச்சை, ரோஜா என்று மூன்று நிறங்களில் எல்லா வரிகளுக்கும் அடிக்கோடு! எத்தனை முறை படித்தாய் என்றேன். "நாலு தடவை, அங்கிள்." புத்தகத்தை மூடிவிட்டு, கிளைகாலிசிஸை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மூன்றாவது படியில் நின்றுவிட்டாள்.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அதைத்தான் நாம் "தெரிந்துவிட்டது" என்று எண்ணி ஏமாறுகிறோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. யாரோ போட்ட கோலத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கோலம் வருமா? போட்டு, தப்பி, அழித்து, மறுபடி போட்டால்தான் வரும்.

கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல இந்தப் பாடத்திலும் முதலில் கார்பனை எண்ண வேண்டும். குளுக்கோஸில் 6 கார்பன். அது 3, 3 என்று இரண்டு பைருவேட்டாகப் பிளக்கிறது. ஒவ்வொரு பைருவேட்டும் ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக விட்டு 2 கார்பன் உள்ள அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. அது 4 கார்பன் உள்ள ஆக்சலோ அசிட்டேட்டுடன் சேர்ந்து 6 கார்பன் சிட்ரேட் ஆகும். அதிலிருந்து இரண்டு கார்பன் கழிந்து மறுபடி 4. இதுதான் கிரெப்ஸ் 1937-இல் வகுத்த சுழற்சியின் எலும்புக்கூடு. நொதிகளின் பெயர்களை இதன் மேல் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கிளைகாலிசிஸில் படிகள் 10. ஆனால் பின்னோக்கித் திரும்பாதவை ஹெக்சோகைனேஸ், பாஸ்போபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ் நடத்தும் மூன்று படிகள் மட்டுமே. உடல் இந்த வழியைக் கட்டுப்படுத்துவது அந்த மூன்றில்தான். குளுக்கோஸைப் புதிதாக உண்டாக்கும்போது சுற்றிப் போக வேண்டியதும் அந்த மூன்றையே. முதலில் அவற்றைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பாடங்கள் ஒன்றாகின்றன.

அடுத்து, எந்த வழியைப் படித்தாலும் "சாப்பிட்ட பின் என்ன, பட்டினியில் என்ன?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாலு இட்லி சாப்பிட்டால் இன்சுலின் ஏறுகிறது. கல்லீரல் குளுக்கோஸைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது. ஏகாதசி உபவாசத்தில் குளுக்ககான் மேலோங்கி அந்தச் சேமிப்பைக் கரைக்கிறது. ஏறக்குறைய ஒரு நாளில் அது தீரும் தறுவாய்க்கு வர, புதுக் குளுக்கோஸ் உற்பத்தியும் கொழுப்பைக் கரைப்பதும் வலுக்கின்றன. பாட்டியின் விரதத்தை வைத்தே நான்கு அத்தியாயங்களைச் சொல்லிவிடலாம்.

நோய்களோடு சேர்த்துப் படித்தால் இன்னும் ஒட்டும். பைருவேட், அசிட்டைல் கோ-ஏ ஆவதற்குத் தயமின் என்ற பி1 வேண்டும். தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு பெரிபெரி வந்ததற்கு அந்தக் குறைதான் காரணம். ஜாவாவில் 1890-களில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து அதன் தடத்தைக் கண்டார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். இதைச் சொன்னதும் அதுவரை பேசாதிருந்த அம்மா, "எங்க ஊர்ல புழுங்கலரிசிதான் சார்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவரிடமும் ஒரு வேலை கொடுத்தேன். இரவு பாத்திரம் கழுவும் நேரத்தில் மகள் அன்று படித்ததைப் பத்து நிமிடம் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் "ஏன்?" என்று மட்டும் கேட்டால் போதும். ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள், தமிழில் சொல்லும்போது புரியாத இடத்தில் தாமாகவே தடுமாறுவார்கள். அந்த இடத்தைத்தான் மறுநாள் படிக்க வேண்டும். வாரம் ஒருமுறை பழைய வினாத்தாளில் இரண்டு கேள்விகளைக் கடிகாரம் வைத்து எழுதுவதும் கட்டாயம் என்றேன்.

படிப்பை விட்டுவிடுகிறேன் என்றவளுக்கு எல்லாப்பிரகட சுப்பாராவின் கதையையும் சொன்னேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர் அவர். பின்னர் ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1929-இல் ஏ.டி.பி.யைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அவள் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும் அதே ஏ.டி.பி.தான்! அந்தப் புத்தகத்தில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தோம், இல்லை.

இரண்டாவது இன்டர்னலில் அவள் பாஸ். பெரிய மார்க் ஒன்றுமில்லை. அமினோ அமிலங்கள் இன்னும் இழுக்கின்றன. யூரியா சுழற்சியைப் பார்க்காமல் போட்டுக் காட்ட ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.