நான்கு திசைக்கும் ஒரே முகமா?

தாம்பரத்தினின்றும் கூடுவாஞ்சேரி வரை செல்வோர், சாலையின் இருமருங்கும் உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுவதைக் காணலாம். அவற்றுட் பலவற்றின் முகப்பு எனக்கு உடன்பாடன்று. முதியவனின் முணுமுணுப்பு என்று மாணவ நண்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா; காரணம் பூகோளப் பாடத்திலேயே இருக்கிறது.

சென்னை வடக்கு அட்சரேகை 13 பாகையில் உள்ளது. மார்கழியிற்கூட நண்பகற் கதிரவன் உயரத்திலேயே நிற்பான். ஆகவே தெற்குச் சுவரில் இரண்டடி நீண்ட சன்ஷேடு, நாலடிச் சன்னலின் பெரும்பகுதியை நிழலில் வைத்துவிடும். மேற்குச் சுவரின் கதை வேறு. மாலை நான்கு மணிக் கதிர் தாழ்ந்து வந்து சன்ஷேட்டின் அடியிலேயே நுழைந்துவிடும். அதைத் தடுக்க ஆழ்ந்த தாழ்வாரமோ செங்குத்தான தடுப்புகளோ வேண்டும். 1892இல் திறக்கப்பெற்ற சென்னை உயர்நீதிமன்றத்தின் நீண்ட தாழ்வாரங்களில் நடந்து பாருங்கள், பொருள் விளங்கும்.

புதிய கோபுரங்களிலோ மேற்கிலும் கிழக்கிலும் ஒரே வரைபடம், தரைமுதல் கூரைவரை கண்ணாடி! கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடேறிய தரையும் சுவரும் உமிழும் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அப்புறம் குளிர்சாதனம் ஓயாது ஓட வேண்டியதுதான். அதன் வெளிப்பெட்டிக்கு வரைபடத்தில் இடம் விடாமையால், பல இலட்சம் செலவிட்ட முகப்பின்மேல் அது இரும்புத் தாங்கியில் தொங்குகிறது! மின்கட்டணமோ மாதந்தோறும் குடியிருப்போர் தலையில்.

மழைக்கும் இதே கதிதான். சன்ஷேட்டின் அடிவிளிம்பில் விரலளவு காடி ஒன்று இழுத்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். காடியில்லாத சுவர்களை ஐப்பசி மழைக்குப் பின் பாருங்கள். சன்னல்தோறும் கறுத்த கோடுகள் இறங்கியிருக்கும்.