அரபு நாட்டு ஹும்மஸ் நம் அடுப்படியில்!



பெயரிலேயே நெய்யைத் தாங்கி நிற்கும் எங்கள் நெய்யூரிலிருந்து, நெய்யே சேராத ஓர் உணவைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன்.

தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல் என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்தவர் ஒருவரேனும் இருப்பார். என் கணவரும் அவர்களுள் ஒருவர். முன்பெல்லாம் கடிதத்தில், பிறகு தொலைபேசியில், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பேன். "சாப்பிட்டேன்" என்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்துவிட்டு ஊர் திரும்பிய பின்னர், ஒரு மாலையில் அவரே சொன்னார்: "கொண்டைக்கடலையை அரைத்து, எள் சேர்த்து ஒன்று செய்வார்கள். மாதக் கடைசியில் இரண்டு குப்பூஸும் அதுவும்தான் எங்களுக்கு இரவுச் சாப்பாடு."

அந்த உணவே ஹும்மஸ். அரபு மொழியில் இச்சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்றே பொருள். எள் விழுதுடன் சேர்த்து அரைத்ததை 'ஹும்மஸ் பி தஹீனா' என்பர். கடலையை வேகவைத்து அரைத்து, புளிப்பும் மணப்பொருள்களும் கூட்டி உண்ணும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டு அரபுச் சமையல் நூல்களிலேயே காணப்படுகிறது. இன்று சிரியா, லெபனான், பாலஸ்தீனம், எகிப்து என எல்லா நாட்டினரும் இதனைத் தமதெனக் கொண்டாடுகின்றனர். 2010ஆம் ஆண்டு மே மாதம் லெபனான் நாட்டுச் சமையற்காரர்கள் 10,452 கிலோ ஹும்மஸைச் செய்து உலகச் சாதனை படைத்தனர். அவர்கள் நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதே அந்தக் கணக்கின் காரணம்!

நமக்கு இது அந்நியமான பண்டம் அன்று. கடலையைப் புட்டுக்குக் கறியாக்குகிறோம், சுண்டலாக்குகிறோம். எள்ளும் நாரங்காயும் பூண்டும் திங்கள்சந்தையிலேயே கிடைக்கின்றன. துவையல் அரைக்கத் தெரிந்த கைக்கு ஹும்மஸ் அரைப்பது அரிதன்று. நகரத்துப் பெருங்கடைகளில் சிறு டப்பாவில் அடைத்து அதிக விலைக்கு விற்கப்படுவதை வாங்கவேண்டிய தேவையும் இல்லை.

ஆயினும், முதன்முறை நான் செய்தது வாயில் வைக்க முடியாமற்போயிற்று. கடலையை வேகவைக்கும்போதே நாரங்காய்ச் சாற்றை ஊற்றிவிட்டேன். கடலை குழையவே இல்லை. எள்ளைக் கறுக்க வறுத்தேன், கசந்தது. நான் செய்த பிழைகளை நீங்களும் செய்யாதிருக்கவே முறையை விரிவாகத் தருகிறேன்.

தேவையானவை: வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராம், தோல் நீக்கிய வெள்ளை எள் 80 கிராம், பெரிய நாரங்காய் (எலுமிச்சை) ஒன்று, பூண்டு இரண்டு பல், உப்பு ஒரு தேக்கரண்டி, ஆப்பசோடா அரைத் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. ஆலிவ் எண்ணெய் இல்லையெனில் மணம் மிகாத ஏதேனும் சமையல் எண்ணெய் போதும். நல்லெண்ணெயை ஒரு கரண்டிக்கு மேல் சேர்த்தால் அதன் மணம் கடலையின் சுவையை மறைத்துவிடும்.

ஊறவைத்தல்: கடலையைக் கழுவி, அதைப்போல் நான்கு மடங்கு நீரில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவையுங்கள். கடலை இரு மடங்காகப் பருக்கும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். நம் ஊர் வெக்கையில் அதற்கு மேல் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும்.

வேகவைத்தல்: ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரும் ஆப்பசோடாவும் சேர்த்துக் குக்கரில் ஏற்றுங்கள். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபது, இருபத்தைந்து நிமிடங்கள் விடுங்கள். சோடாவின் காரத்தன்மை கடலையின் தோலையும் உள்ளே கட்டிவைத்திருக்கும் பொருளையும் இளக்குகிறது. புளிப்போ இதற்கு நேர்மாறாகக் கடலையை இறுகச் செய்யும். ஆகவே புளிப்பு பிறகுதான். கடினத்தன்மை மிகுந்த கிணற்று நீரில் கடலை எளிதில் வேகாது என்பதையும் நினைவிற்கொள்க. இரு விரலுக்கிடையே நசுக்கினால் வெண்ணெய்போல் மசிய வேண்டும்; சுண்டலுக்குப் போதுமான வேக்காடு இதற்குப் போதாது. வெந்த நீரில் ஒரு குவளையை எடுத்து வைத்துக்கொண்டு, மிதக்கும் தோல்களை அகற்றிவிடுங்கள்.

எள் விழுது: எள்ளை இளந்தீயில், நிறம் மாறுமுன், மணம் எழுந்தவுடன் இறக்கி ஆறவிடுங்கள். மிக்ஸியில் பொடித்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு விழுதாகும்வரை அரையுங்கள். இதுவே தஹீனா.

சேர்த்தல்: பூண்டை நசுக்கி நாரங்காய்ச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிட்டால் அதன் பச்சைக் காரம் அடங்கும். அந்தச் சாற்றையும் உப்பையும் எள் விழுதில் ஊற்றி அரைத்தால் முதலில் கட்டியாகும், கலங்க வேண்டாம். குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விட, வெளுத்து இளகிவிடும். பின்னர் இளஞ்சூட்டில் உள்ள கடலையையும் சீரகத்தையும் இட்டு, எடுத்துவைத்த நீரைத் தேவைக்கேற்பத் தெளித்து நைய அரையுங்கள். ஆறியதும் இன்னும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே எடுக்க வேண்டும். தட்டில் பரப்பி, கரண்டியின் பின்புறத்தால் குழியிட்டு, மீதி எண்ணெயை ஊற்றி, மிளகாய்த்தூள் சிறிது தூவுங்கள். குப்பூஸ் இல்லாவிட்டால் சப்பாத்தி, பத்திரி, ஒரட்டி எதனோடும் இசையும்.

வெந்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். பல் விழுந்த முதியவர்க்கும் ஏற்ற மென்மையான உணவு. நோன்பு திறக்கும் வேளையில் எண்ணெயில் பொரித்த பண்டங்களையே அடுக்காமல், கஞ்சியோடு இதனையும் ஒரு தட்டில் வைக்கலாம். எள்ளும் எண்ணெயும் கொழுப்பு மிகுந்தவையாதலால் அளவோடு உண்பதே நன்று. எள் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதையும் மறந்துவிடலாகாது. குளிர்பெட்டியில் மூன்று நாள் வைத்திருக்கலாம். மின்சாரம் நெடுநேரம் நின்றுபோனால் பழையதை உண்ணாதீர்கள்.

இரண்டாம் முறை சரியாக வந்தது. கணவர் ஒரு துண்டு சப்பாத்தியால் வழித்து வாயிலிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, ஓர் அறையில் ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்டதையும், வீட்டுக்குப் பணம் அனுப்பிய மாதங்களில் தட்டில் வேறெதுவும் இல்லாதிருந்ததையும் சொல்லத் தொடங்கினார். நாங்கள் இங்கே மீன்குழம்போடு சோறுண்ட இரவுகள் அவை. வளர்ந்துவிட்ட எங்கள் பிள்ளைகள் அன்றுதான் அதையெல்லாம் முதன்முறையாகக் கேட்டார்கள்.

சகோதரிகளே! உங்கள் இல்லத்திலும் அப்படித் திரும்பி வந்தவர் இருக்கலாம். இன்னும் அங்கேயே இருப்பவரும் இருக்கலாம். அவரிடம் "சாப்பிட்டீர்களா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். அதன்பின் கடலையை ஊறவையுங்கள்.