மௌத் ஆர்கன் பையனும் படித்துக்காட்டும் இயந்திரமும்

என் மேசைமேல் ஒரு மௌத் ஆர்கன் கிடக்கிறது. அதன் திருகாணிகளைக் கழற்றி மேல்தகட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். ஒரு முனை தகட்டோடு ஒட்டியிருக்கிறது, மறுமுனை சும்மா நிற்கிறது. காற்றுப் பட்டால் அந்த முனை துடிக்கும். நீளமான நாக்கு மெதுவாகத் துடிக்கும், அதனால் கனத்த குரல். குட்டை நாக்கு படபடவென்று துடிக்கும், அதற்குக் கீச்சுக் குரல். ஒவ்வொரு ஓட்டைக்கும் இரண்டு நாக்குகள். ஊதினால் ஒன்று பேசும், உறிஞ்சினால் மற்றது பேசும். பஜனையில் வாசிக்கிறார்களே ஆர்மோனியப் பெட்டி, அதற்குள்ளும் இதே பித்தளை நாக்குகள்தான். அங்கே காற்றைத் துருத்தி தள்ளுகிறது. இங்கே உங்கள் நுரையீரல்தான் துருத்தி.

மூச்சை உள்ளே இழுப்பதைக்கூடப் பாட்டாக்கும் கருவி இது. இதை உலகமே திரும்பிப் பார்க்கும்படி வாசித்த ஒருவர், பிறந்தபோது மூச்சுவிடவே உதவி தேவைப்பட்ட குழந்தை. அவர் பெயர் ஸ்டீவி வொண்டர்.

1950 மே 13. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்ற ஊர். பிறக்கவேண்டிய நாளுக்கு ஆறு வாரம் முன்பே அவர் பிறந்துவிட்டார். குறைமாதக் குழந்தைகளுக்கு நுரையீரல் சரியாக முதிர்ந்திருக்காது. அதனால் கதகதப்பான கண்ணாடிப் பெட்டியில், அதாவது இன்குபேட்டரில் வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. பார்வை போய்விட்டது.

உயிரைக் காக்கும் ஆக்ஸிஜன் கண்ணை எப்படிக் கெடுக்கும்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பிடித்து மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. குழந்தை அம்மா வயிற்றில் இருக்கும்போது, ஏறக்குறைய நான்காம் மாதத்தில், விழித்திரையின் நடுப்பகுதியிலிருந்து இரத்தக் குழாய்கள் கிளம்பி, பூசணிக்கொடி படர்வதுபோல ஓரத்தை நோக்கிப் படர ஆரம்பிக்கின்றன. ஓரம்வரை போய்ச் சேர ஒன்பது மாதமும் ஆகிவிடும். கொடியை ஓரத்துக்கு இழுப்பது எது? பசி! கருப்பையில் ஆக்ஸிஜன் குறைவு. இரத்தம் எட்டாத ஓரத்துச் செல்கள், ‘இங்கே ஆக்ஸிஜன் போதவில்லை, குழாய் அனுப்பு’ என்று ஒரு வேதிப்பொருள் மூலம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூப்பிடும் திசையில் குழாய் வளரும்.

பாதிக் கொடி படர்ந்திருக்கும்போதே குழந்தை பிறந்துவிட்டது என்று வையுங்கள். பெட்டிக்குள் ஆக்ஸிஜன் தாராளம். ஓரத்துச் செல்களுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. கூப்பிடுவதை நிறுத்திவிடுகின்றன. கொடியும் நின்றுவிடுகிறது. பிறகு குழந்தை தேறி வழக்கமான காற்றுக்கு வரும். அதற்குள் விழித்திரை வளர்ந்திருக்கும், பசியும் கூடியிருக்கும். இப்போது செல்கள் கூப்பிடுவதில்லை, அலறுகின்றன. பதறியடித்துக்கொண்டு புதுக் குழாய்கள் முளைக்கின்றன, ஒழுங்கில்லாமல், திசை தவறி, கசிகிற மெல்லிய குழாய்களாக. அவை தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்துவிடுகின்றன.

1950-இல் இது எந்த மருத்துவருக்கும் தெரியாது. இப்படியொரு நோய் இருக்கிறது என்றே 1942-இல்தான் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் தியோடர் டெரி எழுதினார். நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில்தான் அதிகம் குழந்தைகள் பார்வை இழந்தார்கள் என்பது பெரிய புதிராக இருந்தது. 1951-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர், தாராளமாக ஆக்ஸிஜன் கொடுத்த இடங்களையும் அளந்து கொடுத்த இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆக்ஸிஜன்மேல் சந்தேகத்தைத் திருப்பினார். அடுத்து அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அந்தச் சந்தேகத்தை உறுதிசெய்தது. அதற்குள் உலகமெங்கும் பத்தாயிரம் குழந்தைகளாவது பார்வை இழந்திருந்தார்கள். ஸ்டீவி அவர்களில் ஒருவர். கேம்ப்பெல்லின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் வந்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, ஆக்ஸிஜனை ஒரேயடியாகக் குறைத்துவிடலாமே? குறைத்தார்கள். மூச்சுத் திணறிக் குழந்தைகள் இறந்தன. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே கொடுக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. அதன் அடிப்படையை 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி கண்டுபிடித்தார். கொரோனா காலத்தில் வீட்டில் விரல் நுனியில் மாட்டினார்களே, சிவப்பு வெளிச்சம் எரியும் சின்னக் கவ்வி, அதுதான்! ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தம் சிவப்பு வெளிச்சத்தை அதிகம் ஊடுருவ விடும். ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் அதை விழுங்கிவிடும். அந்த வித்தியாசத்தைத்தான் கருவி எண்ணாக்கிக் காட்டுகிறது. இன்று குறைமாதக் குழந்தையின் குட்டிப் பாதத்தில் அதைக் கட்டி, எண்ணை 90-க்கும் 95-க்கும் இடையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யவேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குறைமாதத்தில் ஒரு தம்பிப் பாப்பா பிறந்தால் இந்த முப்பது நாள் கணக்கைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். லேசர் சிகிச்சையாலோ ஊசி மருந்தாலோ பல குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

ஸ்டீவிக்கு நான்கு வயதில் குடும்பம் டெட்ராய்ட் நகரத்துக்குக் குடிபோனது. கார் தொழிற்சாலைகளின் ஊர். தேவாலயப் பாடகர் குழுவில் பாடினான். பியானோ, மௌத் ஆர்கன், டிரம்ஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சின்ன வயதிலேயே வாசித்தான். 11 வயதில், 1961-இல், மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவனைச் சேர்த்துக்கொண்டு ‘லிட்டில் ஸ்டீவி வொண்டர்’ என்று பெயர் வைத்தது. 1962-இல் சிகாகோ அரங்கு ஒன்றில் அவன் மௌத் ஆர்கன் வாசித்துப் பாடியதை அப்படியே ஒலிப்பதிவு செய்தார்கள். ‘ஃபிங்கர்டிப்ஸ்’ என்ற அந்தப் பாட்டு அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்துக்குப் போனது. அப்போது அவனுக்கு வயது 13.

‘கண் இல்லாவிட்டால் காது தானாகக் கூர்மையாகிவிடும்’ என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். காது அதே காதுதான். மாறுவது மூளை. நம் மூளையின் பின்பக்கத்தில் பெரிய இடம் ஒன்று கண் அனுப்பும் செய்திகளுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. சின்ன வயதிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு அந்த இடம் காலியாகக் கிடப்பதில்லை. பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்துப் புள்ளிகளை விரல் தொடும்போது, காது ஒலியை ஆராயும்போது, அந்த இடமும் சேர்ந்து வேலை செய்வதை மூளையைப் படமெடுக்கும் கருவிகள் காட்டியிருக்கின்றன. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுவயதிலேயே பார்வை இழந்து இசை கற்ற 21 பேரைச் சோதித்தார்கள். ஒரு சுரத்தைத் தனியாகக் கேட்டதுமே அது எது என்று சொல்லும் திறன் அவர்களில் 12 பேருக்கு இருந்தது. பார்வையுள்ள இசைக்கலைஞர்களிடம் அது மிக அபூர்வம். ஆனால் ஒன்று, இசை கற்காமல் இது வருவதில்லை. ஸ்டீவியும் மிச்சிகன் பார்வையற்றோர் பள்ளியில் பியானோவை முறையாகப் படித்தார்.

யாரைக் கேட்டு வளர்ந்தார் என்பதை அவர் ஒளித்ததே இல்லை. ரே சார்ல்ஸ் என்ற பாடகரும் சிறுவயதில் பார்வை இழந்தவர். பெரும்பாலும் அவர் பாடிய பாடல்களையே ஓர் இசைத்தட்டாகப் பாடி, ‘ரே மாமாவுக்குக் காணிக்கை’ என்ற பொருளில் பெயர் வைத்து, 1962-இல் வெளியிட்டபோது ஸ்டீவி சின்னப் பையன். ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டன் 1974-இல் மறைந்த பிறகு அவருக்காகவே ‘சர் டியூக்’ என்ற பாட்டைச் செய்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளை நாடே கொண்டாட வேண்டும் என்று பாட்டெழுதி, கூட்டம் சேர்த்து, ஊர் ஊராகப் பேசினார். 1983-இல் அது தேசிய விடுமுறைச் சட்டமானது.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. ஒரு கருவியைத் தொட்டால் அதோடு நிறுத்தமாட்டார். ‘இது இன்னும் என்ன செய்யும்?’ என்று கேட்பார். 1971-இல் 21 வயதானதும், ஓர் இசைத்தட்டில் கேட்ட விசித்திரமான ஒலியைத் தேடி நியூயார்க்குக்குப் போனார். மால்கம் செசில், ராபர்ட் மார்கூலெஃப் என்ற இருவர் அங்கே ஓர் அறையையே அடைக்கும் சின்தசைசர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். தந்தியும் இல்லை, நாக்கும் இல்லை, மின்சாரமே சுரமாகும் கருவி. அந்தக் காலச் சின்தசைசர்களில் மின்னழுத்தத்தை ஒரு வோல்ட் கூட்டினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும், கீழ் ‘ச’ மேல் ‘ச’ ஆகிவிடும். அந்த இருவரோடு உட்கார்ந்து ஸ்டீவி நான்கு இசைத்தட்டுகள் செய்தார். அவற்றில் ஒன்றில் இருக்கும் ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாட்டில் டிரம்ஸ் வாசிப்பதும் அவர், கிளாவினெட் வாசிப்பதும் அவர். கிளாவினெட் என்பது கட்டையை அழுத்தினால் அடியிலிருக்கும் ரப்பர் முனை தந்தியை மோதும் மின்கருவி. அதைச் செய்தது ஜெர்மனியின் ஹோனர் நிறுவனம். மௌத் ஆர்கனுக்குப் பேர்போன அதே ஹோனர்!

1976 ஜனவரியில் ஒருநாள் தொலைக்காட்சியில் ஒரு செய்தி. ரே கர்ஸ்வைல் என்ற இளைஞர், அச்சடித்த எழுத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கும் இயந்திரம் செய்திருக்கிறார். முன்பொரு முறை விமானத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பார்வையற்றவர், தனக்கு உண்மையான தடை சாதாரண அச்சுப் புத்தகத்தைப் படிக்க முடியாததுதான் என்று சொன்னாராம். அந்தப் பேச்சு அவர் மனதில் தங்கிவிட்டது.

அதற்கு முன்பும் எழுத்தை அறியும் கருவிகள் இருந்தன. ஆனால் குறிப்பிட்ட சில அச்செழுத்துகள்தான் அவற்றுக்குத் தெரியும். எழுத்தின் சாயல் மாறினால் விழிக்கும். கர்ஸ்வைல் வேறு வழியில் போனார். அந்த வழியில் ஒரு கணினிக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ட’ எப்படி இருக்கும்? மேலிருந்து ஒரு நேர்க்கோடு இறங்கி, மூலையில் திரும்பி, வலப்பக்கம் ஓடும். ‘ப’ இன்னொரு மூலையிலும் திரும்பி மேலே ஏறும். தடித்த எழுத்தோ மெல்லிய எழுத்தோ, சுவரொட்டியோ பேருந்துச் சீட்டோ, மூலைகளின் எண்ணிக்கை மாறாது. இப்படி எழுத்தின் அடையாளங்களை எண்ணச் சொல்லிக்கொடுத்தால் எந்த அச்சையும் கணினி படித்துவிடும். பிறகு அந்தச் சொற்களைக் குரலாக்க வேண்டும். பக்கத்தைப் படமெடுக்கும் கருவி, எழுத்தை அறியும் மென்பொருள், பேசும் குரல் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த இயந்திரம்.

செய்தியைக் கேட்ட ஸ்டீவி முதல் இயந்திரத்தை வாங்கிவிட்டார். டாக்ஸியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார், அன்றிரவு முழுக்கத் தூங்காமல் படித்தாராம் என்று கர்ஸ்வைல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். யாரையும் ‘இதைக் கொஞ்சம் படித்துக்காட்டுங்கள்’ என்று கேட்காமல் தானே படிக்கும் முதல் இரவு! அன்று மேசையை அடைத்த அந்த வித்தை இன்று உங்கள் வீட்டு அலைபேசிக்குள் இருக்கிறது. ஒரு பக்கத்தின்மேல் பிடித்தால் தமிழிலேயே படிக்கும்.

இருவரும் நண்பர்களானார்கள். 1982-இல் சந்தித்தபோது ஸ்டீவி ஒரு கேள்வி கேட்டார். பியானோவின் ஒலி அழகு, ஆனால் கணினிபோல அதை நினைத்தபடி மாற்ற முடியாது. சின்தசைசரை மாற்றலாம், ஆனால் ஒலியில் அந்த உயிர் இல்லை. இரண்டையும் சேர்க்க முடியாதா? அந்தக் கேள்விக்காகவே கர்ஸ்வைல் ஒரு புது நிறுவனம் தொடங்கினார். 1984-இல் ‘கர்ஸ்வைல் 250’ வந்தது. உண்மையான பியானோவின் ஒலியைத் துல்லியமாகப் பதிந்து, கணினி நினைவகத்தில் வைத்து, கட்டையைத் தொட்டதும் எடுத்துத் தரும் கீபோர்டு. ஸ்டீவிக்காகச் செய்த மாதிரியில் பொத்தான்களின்மேல் பிரெயில் புள்ளிகள் இருந்தன.

தானே படிக்கும் வசதி தனக்குக் கிடைத்ததுபோல எல்லாப் பார்வையற்றோருக்கும் கிடைக்கவேண்டும் என்றும் ஸ்டீவி கேட்டார். ஒரு புத்தகத்தைப் பிரெயிலிலோ ஒலிப்புத்தகமாகவோ மாற்ற, பல நாடுகளில் பதிப்புரிமைக்காரரின் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. அந்தத் தடையை நீக்க உலக நாடுகள் பல ஆண்டுகள் பேசிக்கொண்டே இருந்தன. ‘உடன்பாட்டை முடியுங்கள், நான் வந்து பாடுகிறேன்’ என்றார் ஸ்டீவி. 2013 ஜூனில் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரத்தில் முடித்தார்கள். சொன்னபடியே வந்து பாடினார். அந்த உடன்பாட்டை முதன்முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு நம் இந்தியா, 2014-இல்.

பெரியவர்களிடம் கேட்டு, அவருடைய ‘இஸன்ட் ஷி லவ்லி’ பாட்டை ஒருமுறை போடச் சொல்லுங்கள். 1976-இல் தன் மகள் ஆயிஷாவுக்காகச் செய்தது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பச்சிளம் குழந்தையின் அழுகை வரும். பிறகு டிரம்ஸ், பாட்டு. அப்புறம் நெடுநேரத்துக்கு மௌத் ஆர்கன். எந்தச் சுரத்தில் ஊதுகிறார், எந்தச் சுரத்தில் உறிஞ்சுகிறார் என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். நான் இந்தப் பித்தளை நாக்குகளைத் திரும்ப மூடித் திருகாணி போடுவதற்குள் ஒன்றிரண்டாவது உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.