நீர்மேல் எழுத்தும் நிலைக்கும்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நிலையில்லாத ஒன்றை 'நீர்மேல் எழுத்து' என்று சொல்வது நம்மவர் வழக்கம். ஆனால் நீர்மேல் எழுதிய எழுத்தை அப்படியே எடுத்து இரும்பின்மீதும் பிளாஸ்டிக்கின்மீதும் பல ஆண்டுகள் நிற்கும்படி செய்துவிட்டது இன்றைய விஞ்ஞானம். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் ஹெல்மெட்டில் மரத்தின் வரி ஓடுவதையும், கார்களின் உட்புறத்தில் பிளாஸ்டிக் தேக்குப் பலகைபோல் மின்னுவதையும், வெளிநாட்டு வேட்டைத் துப்பாக்கிகளில் இலையும் சருகும் படர்ந்திருப்பதையும் படங்களிலேனும் பார்த்திருப்பீர்கள். தூரிகையால் தீட்டியதோ, தாளை வெட்டி ஒட்டியதோ அல்ல அது. தண்ணீர்த் தொட்டியில் ஒரே ஒரு முழுக்கு, அவ்வளவுதான்! இதற்கு நீர்மாற்று அச்சு என்று பெயர். பட்டறைக்காரர்கள் 'டிப்பிங்' என்கிறார்கள்.

எண்ணம் புதியதன்று. நவராத்திரி நாட்களில் அகன்ற பாத்திரத்து நீரில் கரித்தூளைத் தூவி, அதன்மேல் மாவால் கோலமிடும் பெண்களை நாம் அறிவோம். 25 டிகிரி வெப்பத்தில் நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 72 டைன். அந்த விசைதான் கரியையும் மாவையும் தாங்கி நிற்கிறது. ஜப்பானியர் 12ஆம் நூற்றாண்டிலேயே நீரில் மையை மிதக்கவிட்டுத் தாளில் ஒற்றியெடுத்தனர். நம் தக்காணத்தில், பீஜப்பூர் சுல்தான்களின் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓவியர்கள் பிசின் கலந்த நீரில் வண்ணங்களைச் சிந்தி, சீப்பால் வாரி, அந்த அலைக்கோலத்தைத் தாளில் ஏற்றினர். எலும்பும் தோலுமான குதிரையின் உடல் முழுதும் இப்படி நீர்வரி ஓடும் ஓவியம் ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. தாள் தட்டையானது. வளைந்த பொருளுக்கு இவ்வித்தையைப் பொருத்திய எந்திரத்துக்காக ஜப்பானியரான மோட்டோயாசு நாகானிஷி என்பவர் 1982இல் அமெரிக்காவில் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

இனி வேதியியலுக்கு வருவோம். சித்திரம் முதலில் அச்சாவது பாலிவினைல் ஆல்கஹால் என்னும் கண்ணாடி போன்ற மெல்லிய பிலிமின்மீது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை இருக்கிறதே, அது பாலிவினைல் அசிட்டேட். அதன் அசிட்டேட் தொகுதிகளை நீக்கி ஹைட்ராக்சில் தொகுதிகளை வைத்தால் ஆல்கஹால் கிடைக்கும். ஹைட்ராக்சில் மிகுந்தால் நீரில் நன்றாகக் கரையும் என்றுதானே நமக்குத் தோன்றும்? நடப்பதோ வேறு! முழுவதையும் மாற்றிவிட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிவிடுகின்றன. அப்புறம் சுடுநீருக்குத்தான் அசையும். நூற்றுக்குச் சுமார் 12 அசிட்டேட்டை அப்படியே விட்டுவைத்தால், அவை நடுநடுவே இடித்துக்கொண்டு நின்று சங்கிலிகளை நெருங்கவிடாமல் தடுக்கின்றன. குளிர்ந்த நீரிலேயே பிலிம் கரைந்துவிடுகிறது. கூட்டத்தில் ஒத்துப்போகாத நாலு பேர் இருப்பதிலும் பயன் உண்டு போலும்!

தொட்டி நீர் சுமார் 30 டிகிரி இருக்க வேண்டும். நம் திருவள்ளூர் வட்டாரத்துச் சித்திரை வெயிலில் ஹீட்டரே வேண்டாம். மார்கழியில்தான் வேண்டும். மை மேலே இருக்கும்படி பிலிமை நீரில் பரப்பினால், ஒரு நிமிடத்தில் அது நீரை உறிஞ்சி ஊறிக் கூழாகிறது. ஊறும்போது நாற்புறமும் விரியப் பார்க்கும். விரிந்தால் சித்திரம் வெளிறும். ஆகவே ஓரங்களில் தடுப்பு வைப்பார்கள். அடுத்து 'ஆக்டிவேட்டர்' என்னும் கரைப்பான் கலவையை மேலே மென்மையாகத் தெளிக்கிறார்கள். உலர்ந்த மை இளகித் திரவமாகிறது. மங்கலாயிருந்த பரப்பு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். முழுக்க வேண்டிய கணம் அதுதான். பிந்தினால் மை சிதறிவிடும்.

பொருளைச் சாய்வாக, அவசரமின்றி இறக்க வேண்டும். நேராக அழுத்தினால் அடியில் காற்று சிக்கி, அங்கே வெள்ளைப் புள்ளி விழும். உள்ளே செல்லச் செல்ல நீர் எல்லாப் பக்கமிருந்தும் பரப்புக்குச் செங்குத்தாக அழுத்துகிறது. நாம் படித்த பாஸ்கல்தான்! 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம் எடை மட்டுமே. அந்த மெல்லிய அணைப்பு போதும். மூலை முடுக்கெல்லாம் மை போய் ஒட்டிக்கொள்கிறது. வெளியே எடுக்குமுன் நீரில் மிச்சமிருக்கும் மையை ஒதுக்கிவிட வேண்டும். மறந்தால், ஏறிவரும்போது இன்னொரு சித்திரமும் கூடவே ஏறும். பிறகு வழவழப்பான பிலிம் கூழைக் கழுவி, உலர்த்தி, 'கிளியர் கோட்' அடித்தால் வேலை முடிந்தது. உப்புத்தாள் தேய்ப்பும், பிரைமரும், அடி வண்ணமும் முன்பே நடந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மரவரி, பளிங்கு, இலைச்சருகு போன்றவையே இம்முறையில் மிகுதியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. வளைவுகளில் பிலிம் இழுபடும். இழுபட்ட மரவரியும் மரவரியே. இழுபட்ட முகமோ கோரம்! 2015இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தாரும், எந்த இடம் எவ்வளவு இழுபடும் என்று கணிப்பொறியால் முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பக் கோணலாக அச்சடித்த பிலிமில் பொருளை முழுக்கி, சித்திரத்தைச் சரியாகப் பொருத்திக் காட்டினர்.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பாருங்கள். எஃகையே செதுக்கியிருக்கிறார்கள். இன்றைய துப்பாக்கிச் சித்திரத்தின் நோக்கம் அழகு மட்டுமன்று. உருவின் வெளிக்கோட்டை உடைத்து, காட்டோடு காடாக மறைப்பது. நம் ஆவடியில் தைக்கப்படும் படைவீரர் உடையிலும் இதே தத்துவம்தான். 2022 ஜனவரியில் நம் இராணுவம் அறிமுகப்படுத்திய புதிய உடையில் சிறு சிறு கட்டங்களாக அது அமைந்திருக்கிறது. துப்பாக்கியில் மரக்கட்டைப் பகுதிக்கும் வெளிப்புறத்துக்கும் முழுக்குப் போடலாம். குழலின் உட்புறமும் உராய்ந்து நகரும் உறுப்புகளும் நனையாதபடி அடைத்தாக வேண்டும். இல்லையேல் தலைமுடிக் கனப் பூச்சே அவற்றை இறுக்கிப் பிடித்துவிடும். மேலும், பொறித்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை போட்டதால் நம் நாட்டில் இக்கலைக்குப் பெரும்பாலும் ஹெல்மெட்டும் வண்டி உறுப்புகளுமே கிடைக்கின்றன. அது நல்லதே என்பது என் கருத்து. ஆனால் ஹெல்மெட்டிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: கரைப்பான் சிலவகைப் பிளாஸ்டிக் ஓட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் நொய்யச் செய்துவிடும். வாங்கிய ஹெல்மெட்டை வீட்டில் முழுக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

என் பெரியப்பா மகன் செவ்வாப்பேட்டையிலிருந்து தினமும் இரயிலேறி இத்தகைய பட்டறை ஒன்றுக்குப் போகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே கரைப்பான்களின் பெயரை நான் புத்தகத்தில் படிக்கிறேன். அவர் மூச்சில் படிக்கிறார். மாலையில் தலைவலி, சனிக்கிழமை இரவில் நெஞ்சில் விசில் சத்தம். "கர்ச்சீப் கட்டிக்கிறேன் தம்பி, மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது. மணிக்கு எத்தனை பீஸ் போகணும் தெரியுமா?" என்கிறார்.

கைக்குட்டை துளிகளில் சிலவற்றைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது. டொலுயீன், சைலீன் போன்றவற்றின் மூலக்கூறுகளுக்குத் துணியின் இழை இடைவெளி கோபுர வாசல்! தூண்டப்பட்ட கரி அடைத்த முகமூடிதான் அவற்றைப் பிடிக்கும். இதைவிடக் கொடியது கிளியர் கோட்டில் கலக்கும் கெட்டிப்படுத்தி. அதில் ஐசோசயனேட் உண்டு. நுரையீரல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறு அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். தீங்கு செய்யும் அளவிலும் அதன் வாசனை தெரிவதில்லை என்பதால் மூக்கை நம்ப முடியாது. ஆகவேதான் இதைத் தெளிப்போருக்கு வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று தரும் முகமூடி வேண்டும் என்கிறார்கள். பொருளுக்குப் பளபளப்பு தருவதற்கு ஆயிரம் ரூபாய் செலவழிப்பவர்கள் அதை அடிப்பவனின் மூச்சுக்கு நூறு ரூபாய் யோசிப்பது எனக்குப் புரியவில்லை.

தொட்டி நீரும் நாளாக ஆகப் பிலிம் கூழும் மையும் சேர்ந்து குழகுழவென்று ஆகிவிடும். அதைக் கால்வாயில் திறந்துவிடலாகாது. பூண்டியும் புழலும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. சென்னையும் அந்நீரைத்தான் குடிக்கிறது.

கரி முகமூடி வாங்கித் தருவோருக்கு ஒரு செய்தி: அதன் கரிப்புட்டியைப் பட்டறை ஆணியில் திறந்தபடி மாட்டிவைத்தால், யாரும் அணியாமலே காற்றிலுள்ள ஆவியைக் குடித்து அது தீர்ந்துபோகும். வேலை முடிந்ததும் இறுக மூடும் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். என் அண்ணனுக்காகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைத் தேடினேன். வாய் சிறிதாக இருந்தது. அம்மாவின் அரிசி டப்பாதான் பொருந்தியது.